மோர்மன் கோயில் சடங்கில் ஃப்ரீமேசன் சாயல் எப்படி வந்தது?

1842 மார்ச் 15. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாவூ என்ற ஊர். மோர்மன் மதத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித் அன்று மாலை தன் கடையின் மாடியில் ஃப்ரீமேசன் அமைப்பில் சேர்ந்தார். மறுநாளே மூன்றாவது படிக்கு, அதாவது உச்சப் படிக்கு உயர்த்தப்பட்டார். அதே ஆண்டு மே 4 அன்று, அதே மாடியில், நம்பிக்கைக்குரிய ஒன்பது பேரை வரவழைத்து ஒரு புதிய சடங்கை நடத்தினார். மோர்மன் கோயில்களில் இன்றும் நடக்கும் ‘எண்டோமென்ட்’ சடங்கின் முதல் வடிவம் அதுதான். நடுவில் கழிந்தது 50 நாள்.

இரண்டு சடங்குகளையும் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு ஒற்றுமை கண்ணில் படாமல் போகாது. அதனால் ‘அப்படியே காப்பியடித்துவிட்டார்’ என்று ஒரு தரப்பு சொல்லும். ‘இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை’ என்று இன்னொரு தரப்பு சாதிக்கும். ஆதாரங்களைப் படித்துப் பார்த்தால் இரண்டுமே அவசரத் தீர்ப்பாகத்தான் தெரிகிறது. சடங்கை நடத்தும் முறையில் பெரும்பகுதி மேசன்களிடமிருந்து வந்தது. அந்த முறையில் சொல்லப்பட்ட கதையும், வாங்கப்பட்ட வாக்குறுதியும் வேறு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்த ஒற்றுமையை முதல் தலைமுறை மோர்மன் தலைவர்கள் தங்களுக்குள் வெளிப்படையாகவே பேசினார்கள். சங்கடமெல்லாம் பின்னால் வந்தவர்களுக்குத்தான்.

ஃப்ரீமேசன் என்றால் என்ன?

ஃப்ரீமேசன் ஒரு மதம் கிடையாது. ஆண்களுக்கான சகோதரச் சங்கம். இடைக்கால ஐரோப்பாவில் தேவாலயங்களையும் கோட்டைகளையும் கட்டிய கொத்தனார்களுக்குத் தொழில் குழுக்கள் இருந்தன. அவர்களுடைய பழக்கவழக்கங்களையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு, கரண்டியைக் கையால் தொட்டே பார்க்காத கனவான்கள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் வளர்த்ததுதான் இந்த அமைப்பு. 1717-இல் லண்டனில் நான்கு லாட்ஜுகள் ஒன்றுசேர்ந்து ஒரு தலைமை லாட்ஜை அமைத்தன என்பது மரபாகச் சொல்லப்படும் தொடக்கம். லாட்ஜ் என்றால் இங்கே கிளை. தங்கும் விடுதி இல்லை. பிரிட்டிஷ்காரர்கள் போன ஊருக்கெல்லாம் இதுவும் போனது. சென்னை எழும்பூரில் ஃப்ரீமேசன்ஸ் ஹால் இருப்பதும் அந்த வழியில்தான்.

மூலைமட்டம், கவராயம், ரசமட்டம், தூக்குக்குண்டு என்று கொத்தனாரின் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் மேசன்கள் ஓர் ஒழுக்கப் பாடத்தை வைத்திருக்கிறார்கள். மூலைமட்டம் நேர்மையைக் குறிக்கும். கவராயம், ஆசைகளை ஒரு வட்டத்துக்குள் நிறுத்தச் சொல்லும். புதிதாகச் சேர்பவர் மூன்று படிகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஓர் உறுதிமொழி, ஒரு சைகை, கைகொடுக்கும் ஒரு தனி முறை, ஒரு கடவுச்சொல். ரகசியத்தை வெளியே சொன்னால் இன்ன கதி நேரட்டும் என்று பயங்கரமான தண்டனைகளைத் தன் வாயாலேயே சொல்லிச் சத்தியம் செய்வதும் அன்றைய வழக்கம்.

மூன்றாம் படியில் ஒரு நாடகமே நடக்கும். சாலொமோன் ராஜா எருசலேமில் தேவாலயம் கட்டியபோது வெண்கல வேலைக்காகத் தீருவிலிருந்து வந்த ஈராம் என்ற கைவினைஞரைப் பற்றி பைபிளில் ஒரு சிறு குறிப்பு உண்டு. அவர் நப்தலி கோத்திரத்து விதவை ஒருத்தியின் மகன். அந்தச் சிறு குறிப்பை மேசன்கள் பெரிய கதையாக வளர்த்தார்கள். அவர்கள் கதையில் ஈராம்தான் தேவாலயத்தின் தலைமைச் சிற்பி. ரகசியச் சொல்லைக் கேட்டு மூன்று பேர் அவரை மிரட்டுகிறார்கள். அவர் சொல்ல மறுக்கிறார், கொல்லப்படுகிறார். இதில் முக்கியமான விஷயம், புதிதாகச் சேர்பவர் இந்த நாடகத்தை ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதில்லை. அவரே ஈராமின் இடத்தில் நிற்கிறார், விழுகிறார், எழுப்பப்படுகிறார். ‘விதவையின் மகன்’ என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

மோர்மன் கோயிலில் என்ன நடக்கிறது?

மோர்மன்கள் என்று வெளியே அறியப்படுபவர்களின் பெரிய சபை, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை. அவர்களுடைய ஞாயிறு ஆராதனை சாதாரணச் சபைக்கூடத்தில் நடக்கும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். கோயில் அப்படி இல்லை. சபையின் ஒழுங்குகளின்படி வாழ்கிறார் என்று தலைவர்கள் பேட்டி கண்டு அனுமதிச் சீட்டு கொடுத்த உறுப்பினர்தான் உள்ளே போக முடியும். இந்தியாவில் அப்படி ஒரு கோயிலைப் பெங்களூரில் கட்டப்போவதாக 2018-இல் அறிவித்தார்கள்.

கோயிலுக்குள் நடப்பவை சில: இறந்துபோன முன்னோர்களுக்காக உயிரோடிருப்பவர் பெறும் ஞானஸ்நானம், கழுவுதலும் எண்ணெய் அபிஷேகமும், கணவன் மனைவியை மரணத்துக்குப் பிறகும் நீடிக்கும்படி இணைக்கும் முத்திரித்தல், அப்புறம் எண்டோமென்ட். உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்களிடம் ‘உன்னதத்திலிருந்து வரும் பெலனால் தரிப்பிக்கப்படும் வரைக்கும்’ எருசலேமில் காத்திருங்கள் என்று சொன்னதாக லூக்கா எழுதுகிறார். அந்த ‘தரிப்பிக்கப்படுதல்’தான் இந்தச் சடங்கின் பெயருக்கு மூலம்.

எண்டோமென்ட் ஒரு நீண்ட நாடகப் பாடம். உலகம் படைக்கப்படுவது, ஏதேன் தோட்டம், ஆதாமும் ஏவாளும் விழுவது, வெளியேற்றப்படுவது, பிறகு படிப்படியாகத் தேவனுடைய சந்நிதிக்குத் திரும்புவது. பங்கேற்பவர் ஆதாமாகவோ ஏவாளாகவோ தன்னை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டத்திலும் உடன்படிக்கை செய்கிறார். அதற்கான உடைகள் உண்டு, அடையாளச் சைகைகள் உண்டு. முடிவில் ஒரு திரையைக் கடந்து, பரலோகத்தைக் குறிக்கும் அறைக்குள் நுழைகிறார். இதற்கு மேல் சைகைகளையும் சொற்களையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. வேறு இடங்களில் அச்சில் இருக்கின்றன என்றாலும், லட்சக்கணக்கானவர்கள் புனிதமாகக் காப்பவை அவை. விஷயம் புரிவதற்கு இந்தச் சுருக்கமே போதும்.

மேசன் எதிர்ப்பு மண்ணில் பிறந்த மதம்

இந்தக் கதையில் ஒரு விசித்திரம் உண்டு. மோர்மன் மதம் பிறந்த இடமும் காலமும் அமெரிக்காவிலேயே மேசன்கள் மீது வெறுப்பு உச்சத்தில் இருந்த இடமும் காலமும்.

1826 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் வில்லியம் மோர்கன் என்பவர் மேசன்களின் ரகசியச் சடங்குகளைப் புத்தகமாக வெளியிடத் தயாரானார். அற்பக் கடன் ஒன்றைச் சாக்காக வைத்து அவரைக் கனன்டைகுவா சிறையில் அடைத்தார்கள். பிறகு யாரோ கடனைக் கட்டி வெளியே எடுத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அவர் திரும்பவே இல்லை. மேசன்கள்தான் கொன்றுவிட்டார்கள் என்று நாடே கொதித்தது. வழக்குகளில் கிடைத்த லேசான தண்டனைகள் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றின. ‘மேசன் எதிர்ப்புக் கட்சி’ என்ற பெயரிலேயே ஓர் அரசியல் கட்சி உருவானது. 1832 ஜனாதிபதித் தேர்தலில் அதன் வேட்பாளர் வில்லியம் வர்ட், ஜோசப் ஸ்மித் பிறந்த மாநிலமான வெர்மான்ட்டில் ஜெயித்தார்.

ஜோசப் ஸ்மித்தின் குடும்பம் அப்போது வசித்தது கனன்டைகுவாவிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டரில் இருந்த பால்மைரா பக்கம். அவர் 1830-இல் வெளியிட்ட, மோர்மன்களின் வேதமான மோர்மன் புத்தகத்தில் ‘இரகசியக் கூட்டுகள்’ மீது கடுமையான தாக்குதல் இருக்கிறது. காதியாந்தன் கொள்ளையர் என்ற கூட்டம் சத்தியங்களும் ரகசிய அடையாளங்களும் வைத்துக்கொண்டு நாட்டையே கவிழ்க்கிறது. ஓரிடத்தில் அவர்கள் இடுப்பில் ஆட்டுக்குட்டித் தோலைக் கட்டியிருக்கிறார்கள். மேசன்களின் ஏப்ரனும் ஆட்டுக்குட்டித் தோல்தான். அந்தக் காலத்து வாசகர்கள் கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொள்ளக் கஷ்டப்பட்டிருக்க மாட்டார்கள்.

அதே சமயம், ஜோசப்பின் அண்ணன் ஹைரம் ஸ்மித் பால்மைரா லாட்ஜில் உறுப்பினர். பிற்காலத்தில் பெரிய தலைவரான ஹீபர் கிம்பலும் நியூயார்க்கில் இருந்தபோதே மேசன். இன்னொரு சுவையான செய்தி: காணாமல்போன மோர்கனின் மனைவி லூசிண்டா மறுமணம் செய்துகொண்டு பின்னாளில் மோர்மன் ஆனார். ஜோசப் ஸ்மித்தின் பலதார மணங்களில் ஒன்று அவரோடு நடந்தது என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் பட்டியலிடுகிறார்கள்.

நாவூவுக்கு முன்பே இருந்தது

எல்லாமே 1842-இல்தான் முளைத்தது என்று நினைப்பது பிழை. ஒஹாயோ மாநிலத்தின் கர்ட்லாண்டில் மோர்மன்கள் கட்டிய முதல் கோயில் 1836 மார்ச் 27 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதை ஒட்டிய மாதங்களிலேயே கழுவுதல், எண்ணெய் அபிஷேகம், கால் கழுவுதல் எல்லாம் நடந்தன. யாத்திராகமத்தில் மோசே ஆரோனையும் அவன் குமாரரையும் தண்ணீரால் கழுவி, ஆசாரிய வஸ்திரம் உடுத்தி, தைலம் வார்க்கிறாரே, அதுதான் இதற்கு நேர் மூலம். மேசன்களைத் தேடிப்போக வேண்டிய அவசியமே இல்லை. அப்போது ஜோசப் மேசனும் இல்லை.

எனவே கோயில் என்ற எண்ணமும், வல்லமையால் தரிப்பிக்கப்படுவது என்ற சொல்லும், அபிஷேகமும் முன்பே வந்துவிட்டன. இறந்தவர்களுக்கான ஞானஸ்நானத்தை ஜோசப் 1840-இல் அறிவித்தார். ஆதாம்-ஏவாள் கதையிலும் படைப்பின் கதையிலும் அவருக்கு 1830-இலிருந்தே ஆர்வம். ஆதியாகமத்தையே திருத்தி விரித்து எழுதியவர். கர்ட்லாண்டில் இல்லாமல் நாவூவில் புதிதாக வந்தவை நாடக அமைப்பு, சைகைகள், கைகொடுக்கும் முறைகள், ரகசியம் காக்கும் சத்தியம், ஏப்ரன். இந்தப் பட்டியலைப் பார்த்தாலே எது எங்கிருந்து வந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

வெறுப்பு எப்படி நட்பானது?

1838-39 குளிர்காலத்தில் மோர்மன்கள் மிசூரியிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டார்கள். ‘ஒழித்துக்கட்ட வேண்டும், அல்லது விரட்ட வேண்டும்’ என்று ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ் எழுத்துமூலமாகவே உத்தரவிட்டிருந்தார். ஆற்றைத் தாண்டி இல்லினாய்க்கு வந்து நாவூவைக் கட்டியவர்களுக்கு உடனடித் தேவை பாதுகாப்பு. செல்வாக்குள்ள வக்கீல்கள், நீதிபதிகள், அரசியல்வாதிகள் பலர் மேசன்கள். சகோதரனுக்கு ஆபத்து என்றால் ஓடிவர வேண்டும் என்று சத்தியம் செய்தவர்கள். அப்படிப்பட்டவர்களின் நட்பு மோர்மன்களுக்குத் தேவையாக இருந்தது.

மறுபக்கம் இல்லினாய் தலைமை லாட்ஜின் கிராண்ட் மாஸ்டர் ஏபிரகாம் ஜோனஸ் அரசியலில் இருந்தவர். பின்னாளில் ஏபிரகாம் லிங்கனுக்கு நெருங்கிய நண்பர். நாவூவில் ஆயிரக்கணக்கான ஓட்டுகள் இருந்தன. குவின்சி நகர லாட்ஜ் எதிர்த்தும் அவர் நாவூ லாட்ஜுக்கு அனுமதி கொடுத்தார். 1842 மார்ச் 15 அன்று தானே வந்து திறந்துவைத்தார். ஜோசப் ஸ்மித்தை வழக்கமான காத்திருப்பு எதுவும் இல்லாமல் இரண்டே நாளில் மாஸ்டர் மேசன், அதாவது மூன்றாம் படி மேசன், ஆக்கியது அவருடைய சிறப்பு அதிகாரத்தால்தான்.

அதற்கு அடுத்த நாள், மார்ச் 17. அதே கடை மாடியில் பெண்களுக்கான நிவாரண சங்கம் தொடங்கியது. ஜோசப்பின் மனைவி எம்மா ஸ்மித் தலைவி. சில வாரங்களுக்குள் அந்தச் சங்கத்துக்கு ஜோசப்பும் மற்றவர்களும் எழுதிய கடிதத்தில், ரகசியம் காக்கும் அளவுக்கு மேசன் தொழிலில் தேர்ச்சி இல்லாதவர்கள் உங்களில் இருக்கலாம் என்று ஒரு வரி வருகிறது. பெண்களைச் சேர்க்கவே சேர்க்காத அமைப்பின் பெயரைப் பெண்கள் சங்கத்துக்கு எழுதும் கடிதத்தில் இழுப்பது வேடிக்கைதான். ஆனால் மேசன் அமைப்பில் அவரைக் கவர்ந்தது எது என்பதை இது காட்டிக்கொடுக்கிறது. ‘மேசன் ரகசியமே ரகசியத்தைக் காப்பதுதான்’ என்று 1843 அக்டோபரில் அவர் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. ஜோசப் அப்போது பலதார மணத்தை மிகச் சிலருக்கு மட்டும் ரகசியமாகப் போதித்து நடத்திக்கொண்டிருந்தார். வாயைக் கட்டத் தெரிந்த ஒரு உள்வட்டம் அவருக்கு அவசியமாக இருந்தது. இதைக் கணக்கில் எடுக்காமல் 1842-ஐப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

மே 4, மாடி அறை

அந்த அறையைத் தோட்டமாகக் காட்டச் செடிகளையும் மரக்கிளைகளையும் கொண்டுவந்து வைத்தார்கள். துணித்திரைகளால் பகுதி பிரித்தார்கள். வந்தவர்கள் ஹைரம் ஸ்மித், பிரிகம் யங், ஹீபர் கிம்பல், வில்லர்ட் ரிச்சர்ட்ஸ், நியூவெல் விட்னி, ஜார்ஜ் மில்லர், ஜேம்ஸ் ஆடம்ஸ், வில்லியம் லா, வில்லியம் மார்க்ஸ். இதில் பிரிகம் யங், ஜோசப்புக்குப் பின் சபைக்குத் தலைவரானவர். ஜார்ஜ் மில்லர் நாவூ லாட்ஜின் தலைவர். ஜேம்ஸ் ஆடம்ஸ் இல்லினாய் தலைமை லாட்ஜில் துணை கிராண்ட் மாஸ்டர். மேசன் சடங்கு நன்றாகத் தெரிந்தவர்கள் முன்னால்தான் ஜோசப் இதை நடத்தினார். ஏமாற்றிக் காப்பியடிக்க நினைப்பவர் இவர்களையா முதலில் கூப்பிட்டிருப்பார்?

இடவசதி குறைவு, ஏற்பாடு சரியாக அமையவில்லை, நீ இதை எடுத்து ஒழுங்குபடுத்து என்று ஜோசப் தன்னிடம் சொன்னதாக பிரிகம் யங் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இன்று நடக்கும் சடங்கின் வடிவத்தில் யங்கின் கைவண்ணம் கணிசமாக இருக்கிறது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

ஆறு வாரம் கழித்து, 1842 ஜூன் 17 அன்று, ஹீபர் கிம்பல் இங்கிலாந்தில் ஊழியம் செய்துகொண்டிருந்த பார்லி பிராட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். மேசன் அமைப்புக்கும் ஆசாரியத்துவத்துக்கும் (தேவன் கொடுத்ததாக மோர்மன்கள் நம்பும் குருத்துவ அதிகாரம்) ஒற்றுமை இருக்கிறது, மேசன் முறை ஆசாரியத்துவத்திலிருந்து எடுக்கப்பட்டுப் பின்னர் சீரழிந்தது என்று சகோதரர் ஜோசப் சொல்கிறார், இருந்தாலும் அதில் பல விஷயங்கள் குறைவின்றி இருக்கின்றன என்பது அதன் சாரம். இந்த விஷயத்தில் ஒரே ஒரு ஆவணம் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படிக்கச் சொல்வேன். சாலொமோன் காலத்து உண்மைச் சடங்கின் சிதைந்த மிச்சம்தான் மேசன் சடங்கு, ஜோசப் அதன் அசலை மீட்டுத் தந்திருக்கிறார் என்று அவர்கள் நம்பினார்கள்.

அது மோர்மன்கள் மட்டும் சொன்ன கதையும் இல்லை. மேசன்களே தங்கள் வரலாற்றை ஆதாமிலிருந்து தொடங்கினார்கள். 1723-இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த அவர்களுடைய சட்டநூல் ஆதாமின் இருதயத்தில் ஜியோமிதி எழுதப்பட்டிருந்ததாகத்தான் ஆரம்பிக்கிறது. சாலொமோன் தேவாலயத்திலிருந்து வந்தோம் என்று மேசன்கள் சொன்னதை ஜோசப் நம்பினார். ‘சரி, அப்படியானால் அசல் எங்களிடம்தான் இருக்க வேண்டும்’ என்று அடுத்த அடியை எடுத்து வைத்தார்.

வரலாற்று ஆய்வு இதை ஏற்கவில்லை. ஈராம் கொல்லப்படும் கதையும் மூன்றாம் படியும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முந்தைய மேசன் ஆவணங்களில் கிடைப்பதில்லை. சாலொமோனிலிருந்து லண்டன் வரை அறுபடாத சங்கிலி எதுவும் கிடையாது. ஆகவே இரண்டும் ஒரே தொன்மையான ஊற்றிலிருந்து வந்தவை என்ற விளக்கம் நம்பிக்கையாக நிற்கலாம், வரலாறாக நிற்காது.

மெட்டு ஒன்று, பாட்டு வேறு

மெட்டு ஒன்றாக இருந்தும் பாட்டு வேறாக இருக்கலாம். மேசன் சடங்கின் கதாநாயகன் ஈராம்; எண்டோமென்டில் ஈராம் கிடையாது. ஆதாமும் ஏவாளும்தான். மேசன் சடங்கு நல்ல மனிதனாக, நம்பகமான சகோதரனாக இருக்கச் சொல்கிறது. மறுமைக்கு அது உத்தரவாதம் தருவதில்லை. எண்டோமென்டில் வாக்குறுதி தேவனுக்குக் கொடுக்கப்படுகிறது. எதிர்பார்ப்பு, குடும்பத்தோடு தேவ சந்நிதிக்குத் திரும்புவது.

பெரிய வித்தியாசம் பெண்கள். 1843 செப்டம்பருக்குள் எம்மா ஸ்மித் எண்டோமென்ட் பெற்றுவிட்டார். தொடர்ந்து மற்றப் பெண்களும் பெற்றார்கள். அவர்களே மற்றப் பெண்களுக்குக் கழுவுதலும் அபிஷேகமும் செய்துவைத்தார்கள். அமெரிக்க மேசன் லாட்ஜில் நினைத்தே பார்க்க முடியாத காரியம். பிறகு 1877-இல், மோர்மன்கள் மேற்கே போய்க் குடியேறிய யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் கோயிலில் இறந்தவர்களுக்காகவும் எண்டோமென்ட் செய்யத் தொடங்கினார்கள். இன்று கோயிலில் நடப்பதில் பெரும்பங்கு அதுதான். மேசன் அமைப்பில் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

லாட்ஜுக்கு என்ன ஆனது?

நட்பு நீடிக்கவில்லை. நாவூ லாட்ஜ் ஐந்தே மாதத்தில் 250 பேருக்கு மேல் சேர்த்தது. மாநிலத்தின் மற்ற லாட்ஜுகள் மிரண்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓட்டெடுக்காமல் மொத்தமாகச் சேர்க்கிறார்கள் என்பது ஒரு குற்றச்சாட்டு. 1842 ஆகஸ்டில் நிறுத்திவைத்தார்கள், பிறகு மறுபடி அனுமதித்தார்கள், 1843 அக்டோபரில் அனுமதியையே ரத்து செய்தார்கள். நாவூக்காரர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தொடர்ந்தார்கள். 1844 ஏப்ரலில் புது மேசன் மண்டபத்தையே திறந்தார்கள். முடிவில் அந்த ஊரில் மட்டும் 1,300-க்கும் மேற்பட்ட மேசன்கள் இருந்தார்கள். அன்றைய இல்லினாயில் மற்ற ஊர்களையெல்லாம் கூட்டினாலும் அவ்வளவு பேர் தேறமாட்டார்கள்.

1844 ஜூன் 27. கார்த்தேஜ் சிறையில் இருந்த ஜோசப்பையும் ஹைரமையும் முகத்தில் கரி பூசிய கும்பல் ஒன்று சுட்டுக் கொன்றது. ஜோசப் ஜன்னலில் நின்று ‘ஓ கர்த்தாவே, என் தேவனே’ என்று கத்தியபடியே கீழே விழுந்தார். ஆபத்தில் இருக்கும் மேசன் சக மேசன்களை உதவிக்கு அழைக்கும் கூக்குரல் அப்படித்தான் தொடங்கும்: ‘ஓ கர்த்தாவே, என் தேவனே, விதவையின் மகனுக்கு உதவி இல்லையா?’ சில நாள்களில் நாவூ பத்திரிகையும் இருவரும் மேசன்கள் என்பதைச் சொல்லி, அபயக் குறி காட்டியும் கொன்றார்கள் என்று குமுறியது. வெளியே இருந்த கும்பலில் மேசன்களும் இருந்தார்கள் என்று மோர்மன்கள் நம்பினார்கள். அந்த வடு ஆறவில்லை.

அதற்குப் பிறகும் 1845 டிசம்பரிலிருந்து 1846 பிப்ரவரி வரை, மேற்கே புறப்படுவதற்கு முன், நாவூ கோயிலில் 5,000-க்கும் மேற்பட்டவர்கள் எண்டோமென்ட் பெற்றார்கள். அந்தக் கோயிலின் உச்சியில் கிடைமட்டமாகப் பறக்கும் தேவதூதன் வடிவில் காற்றுக்காட்டி இருந்தது. அதற்கு மேலே கவராயமும் மூலைமட்டமும். 1893-இல் முடிந்த சால்ட் லேக் கோயிலின் சுவரில் இன்றும் கைகோத்த கைகளையும் எல்லாவற்றையும் பார்க்கும் கண்ணையும் காணலாம்.

யூட்டாவில் உறவு தலைகீழானது. 1872-இல் அமைந்த யூட்டா தலைமை லாட்ஜ் மோர்மன்களைச் சேர்க்க மறுத்தது. 1925-இல் அதை எழுத்து விதியாக்கினார்கள். 1984-இல்தான் நீக்கினார்கள். மோர்மன் பக்கத்திலும் மேசன் என்ற பேச்சே கசந்துபோனது. 1974-இல் மோர்மன் வரலாற்றுச் சங்கத்தின் தலைவராக இருந்த ரீட் டர்ஹம், நாவூவிலேயே வைத்து இந்தத் தொடர்பை வெளிப்படையாகப் பேசியபோது பெரிய சலசலப்பு. பிறகு அவர் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. 1842-இல் கிம்பல் சாதாரணமாகக் கடிதத்தில் எழுதிய விஷயம் இது!

இன்று நிலைமை இளகியிருக்கிறது. சபையே தன் வரலாற்றுக் குறிப்புகளில் ஒற்றுமைகளை ஒப்புக்கொள்கிறது. மேசன் அனுபவம் ஜோசப்புக்கு வெளிப்படுத்தலைத் தூண்டிய கருவியாக இருந்தது, உள்ளடக்கமும் நோக்கமும் வேறு என்று விளக்குகிறது. நம்பிக்கை இல்லாத வரலாற்றாசிரியர் ‘வெளிப்படுத்தல்’ என்ற இடத்தில் ‘கற்பனை’ என்று போடுவார். மற்றபடி இரண்டு தரப்பும் சொல்லும் நிகழ்ச்சி வரிசை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஒப்பிட்டுப் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேசன் சடங்கையும் எண்டோமென்டையும் பக்கம் பக்கமாகப் போட்ட அட்டவணைகள் நிறையக் கிடைக்கும். அவற்றில் எந்த ஆண்டு வடிவத்தை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். எண்டோமென்ட் வாய்வழியாகவே நடத்தப்பட்டது. முழுமையாக எழுத்தில் வைத்தது 1877-இல்தான், அதுவும் பிரிகம் யங்கின் மேற்பார்வையில். 1990-இல் தண்டனைச் சத்தியங்களை நீக்கினார்கள். மேசன் சாயல் தூக்கலாகத் தெரிந்த பகுதிகள் பெரும்பாலும் அப்போது போய்விட்டன. 2019-இல் பெண்களின் உடன்படிக்கை வாசகங்கள் உட்பட இன்னும் சில மாறின. மேசன் சடங்கும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இணையத்தில் எடுத்துக்காட்டப்படும் பாடம் நாவூவில் 1842-இல் பயன்பட்ட அதே பாடமாக இருக்க வேண்டும் என்பதில்லை.